முருங்கைக்குத் தைத்த உறை

புரட்டாசி பாதியைத் தாண்டினால் அப்பாவுக்குப் பட்டறை வேலையில் மனம் நிற்காது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராகப் புடக்காளிக்குப் போய்விடுவார். புடக்காளி என்றால் பெரிய தோட்டம் ஒன்றுமில்லை. வீட்டின் பின்சுவருக்கும் மதில்சுவருக்கும் நடுவில் கட்டில் போடும் அகலத்துக்குக் கொஞ்சம் மண். அதற்குள் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மதிலை ஒட்டி அவரைப் பந்தல், துணி துவைக்கிற கல், கல்லின் காலடியில் அம்மாவின் மல்லிகை. கணபதி ஏரியாவில், நாலு பக்கமும் லேத் ஓடுகிற சந்துக்குள் இவ்வளவு மண் கிடைத்ததே பெரிது என்பார் அப்பா. சத்தியமங்கலத்துப் பக்கம் பிறத்தியார் காட்டில் மம்முட்டி பிடித்து வளர்ந்தவர். தனக்கென்று கொத்துவதற்கு அவருக்குக் கிடைத்த முதல் மண் இதுதான். கடைசி மண்ணும் இதுவாகவே ஆயிற்று.

ஐப்பசி மழை இறங்குவதற்குள் அதை ஒழுங்கு செய்தாக வேண்டும். மதிலின் அடியில் தண்ணீர் போகிற ஓட்டையில் வருடம் முழுக்கச் சேர்ந்த சருகையும் சோப்புத் துண்டையும் குச்சியால் நோண்டி எடுப்பார். மல்லிகையின் தூரில் மண்ணை அணைப்பார். அவரைப் பந்தலின் கழிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால் மழை எப்போது என்று சொல்லும் வேலை எனக்கு. போனைப் பார்த்து, "ஆரஞ்சு எச்சரிக்கை குடுத்திருக்காங்கப்பா" என்பேன்.

"ஆரஞ்சோ சாத்துக்குடியோ, மேக்கால இடி இடிக்குது. அந்தக் கொடுவாள எடு" என்பார்.

கொடுவாள் முருங்கைக்கு. அதுதான் எப்போதும் கடைசி வேலை. முருங்கை நோஞ்சான் மரம். இலை நனைந்து கனம் ஏறினால் தன் பாரம் தாங்காமல் முறிந்து விழும். அதோடு, மழை பிடித்தால் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்பே கொப்புகளையெல்லாம் கழித்துவிடுவார். வெட்டிய வாயில் சாணியையும் செம்மண்ணையும் பிசைந்து அப்பி, விரலால் சுற்றிலும் வழித்து, மேலே ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்ப்பார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாது, காற்று மட்டும் போய்வர வேண்டும். தை பிறக்கும்போது அதன் கீழிருந்து பச்சை விரல்களாகத் துளிர் கிளம்பும்.

கடைசித் தடவை மரம் மிகவும் உயர்ந்துவிட்டதென்று, ஸ்டூல் போட்டு ஏறி நடுத்தண்டையே குறுக்கே வெட்டினார். வெட்டுவாய் கொட்டாங்குச்சி முழுசாக உட்காரும் அகலம் இருந்தது. நிறையச் சாணி பிடித்தது.

அடுத்த பங்குனியில் அப்பா இறந்துபோனார். பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். டிபன் பாக்ஸ் திறக்காமல் வீட்டுக்கு வந்தது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆடிக் காற்றில் ஒரு நாள் கொட்டாங்குச்சி பறந்து வந்து துவைக்கிற கல்லின்மேல் விழுந்தது. திரும்ப வைப்பதற்கு அம்மா ஸ்டூலில் ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை. நானும் கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

சாணி காய்ந்து கல்லாகியிருந்தது. அதன் பக்கவாட்டில், எங்கள் பின்கதவைப் பார்த்த மாதிரி, விரலால் வழித்த நான்கு தடங்கள். மூன்று நீளம். நடுவில் ஒன்று குட்டை. நான் பிறப்பதற்கு முன்பே பிரஸ் மிஷின் அப்பாவின் நடுவிரல் நுனியை எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையால் சோறு பிசைவதை, பீடி பற்றவைப்பதை, என் முதல் சம்பளத்துக்கு வாங்கிய வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தடத்தில் விரல் வைத்துப் பார்க்க என் கை தானாகப் போனது. அம்மா தட்டிவிட்டாள்.

"தொடாத கண்ணு. உதுந்துபோயிரும்."

அன்று பொழுதோடு மதில்மேல் எட்டிப் பக்கத்து வீட்டுப் பாயைக் கூப்பிட்டாள். அவர்கள் கோட்டைமேட்டிலிருந்து வந்து நான்கைந்து வருடம் ஆகிறது. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் சீட்டுக் கவர் தைக்கிறார்.

"ஏனுங்க பாய், ரெக்சின் துண்டு ஏதாச்சும் வீணாக் கெடக்குதுங்களா?"

"கெடக்குதுங்கக்கா. எதுக்குங்க?"

"மரத்துக்குங்க. ஒரு சொட்டு மழை படக்கூடாது."

பாய் மதிலோரம் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கையைத் தெரியும். அப்பாவும் அவரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று டீ குடித்தவர்கள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தண்டைச் சுற்றி அளந்தார்.

"சீட்டுக்குப் போடறாப்பல எலாஸ்டிக் வெச்சுத் தெச்சுப்போடறனுங்க. எந்தக் காத்துக்கும் கழலாது."

மறுநாளே கொண்டுவந்து தந்தார். காப்பிக்கொட்டை நிறம், இரட்டைத் தையல், அடியில் எலாஸ்டிக். அம்மா அதை ஒரு குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல மரத்துக்கு மாட்டினாள். காலையில் பால் ஊற்ற வந்த அக்கா பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, மரத்துக்கு ஹெல்மெட்டுங்களா? போலீசு அதையும் புடிக்கறாங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். பங்குனிக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

உறைக்குக் கீழிருந்து கிளம்பிய கொப்புகள் அதற்குள் ஆள் உயரம் தாண்டியிருந்தன. பாதி மதிலைத் தாண்டிப் பாய் வீட்டுக் கூரையின் சிமெண்ட் சீட்டின்மேல் சாய்ந்திருந்தன. புரட்டாசி வந்தது. இந்தத் தடவை கொடுவாளை நானே தீட்டி வைத்தேன். தண்ணீர் ஓட்டையைக் குத்திவிட்டேன், மல்லிகைக்கு மண் அணைத்தேன், பந்தல் கழிகளை அப்பா மாதிரியே ஆட்டிப் பார்த்தேன். ஆட்டிப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. முருங்கைக்கு வந்தபோது அம்மா குறுக்கே நின்றாள்.

"அது இருக்கட்டும். வருசம் திரும்பட்டும்."

"பங்குனி வரைக்குமா? அதுக்குள்ள மழை வந்துருமுங்கம்மா. ரம்பம் வெச்சுப் பதமா அறுக்கறேன்."

"ரம்பம் வெச்சா மட்டும் மரம் ஆடாதா? சாணி உதுந்துபோச்சுன்னா அப்பறம் எங்கிட்ட என்ன இருக்குது?"

"போட்டோ இருக்குதில்லீங்களா."

"அது ஸ்டூடியோக்காரன் செஞ்சது" என்றாள். "இது அவரு செஞ்சது."

கொடுவாளைத் துணியில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு காற்றுக்கும் கொப்புகள் பாய் வீட்டுச் சீட்டில் படுத்து எழுந்தன. கரகரவென்று உரசும் சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்கும். வேலைக்குப் போகும்போது சந்து முனையில் பாயைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங்க பாய், கொப்பு உங்க சீட்டுல ஒரசுதுங்களே, தொந்தரவா இருக்குதுங்களா?"

"அட, அது பாட்டுக்கு ஒரசட்டுங்க தம்பி. மிஷின் மிதிக்கறப்ப தாளம் போட ஆளு வேண்டாமுங்களா?"

நானும் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். எங்கள் ஊரில் எழவு விழுந்த வீட்டிடம் அந்த வருடம் முழுக்க யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். இரவல் கொடுத்த ஏணியைக்கூடத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். நாமே கொண்டுபோய்க் கொடுத்தாலும், "இப்ப என்னங்க அவசரம்" என்பார்கள். அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. அதை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு எதிரில் இருப்பவர் படும் பாடு கண்ணில் படாமலே போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. வழக்கமாக அம்மா முறுக்குச் சுட்டால் முதல் தட்டு பாய் வீட்டுக்குத்தான் போகும். இந்தத் தடவை பாயின் மனைவி ஒரு தூக்குப்போசி நிறையச் சேமியாப் பாயசம் கொண்டுவந்தாள்.

"வருசா வருசம் நீங்க குடுப்பீங்க. இந்த வருசம் நாங்க குடுக்கறமுங்கக்கா."

போசியைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தர அம்மாவுக்கு மனம் வரவில்லை. வீட்டில் பலகாரம் ஏதுமில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையாவது வைக்கலாம் என்று துரட்டியை எடுத்துக்கொண்டு புடக்காளிக்குப் போனாள். அன்று சனிக்கிழமை, எனக்கு அரை நாள் வேலை. தூறல் விட்டிருந்தது. கீரையை இழுத்தவள் அப்படியே நின்று, "இங்க வா கண்ணு" என்றாள்.

தண்டின் அந்தப் பக்கம், மதிலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. ஈரச் சாக்கைச் சுற்றிவைத்ததுபோல அடை அடையாக இருந்தது. அங்கிருந்து கொப்பு வழியாக ஒரு வரிசை மதிலைத் தாண்டிப் பாய் வீட்டுச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

அம்மா பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தேன். அவளோ காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தொட்டில் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு?"

பாய்க்கு ஒன்பது பத்து மாதக் குழந்தை. மதிலை ஒட்டிய அறையில்தான் தொட்டில். கொக்கியில் கம்பி உரசிக் கிரீச் கிரீச் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பா இருந்தபோதுதான் குழந்தை பிறந்தது. கொக்கிக்கு எண்ணெய் விடச் சொல்லி அப்பா பாயைக் கேலி செய்வார். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று நான் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அம்மா மதிலுக்குமேல் குரல் கொடுத்தாள். "அம்மணி, புள்ள என்ன பண்ணுது? தொட்டில் சத்தத்தையே காணோம்?"

"நல்லாத் தூங்குதுங்கக்கா."

அம்மா என் பக்கம் திரும்பி, "தூங்கற புள்ளையத்தான கண்ணு தொட்டில்ல போடோணும்" என்றாள். பிறகு போசியைக் கையில் எடுத்தாள். அப்பா போனதிலிருந்து அவள் யார் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. யாரும் போகக்கூடாதென்று சொல்லவில்லை, அவளாக வைத்துக்கொண்ட கட்டு அது. அதை அன்று விட்டாள். நானும் பின்னால் போனேன்.

கதவைத் திறந்த பாயின் மனைவி எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்து, பிறகு வாயெல்லாம் சிரிப்பாக, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள். அம்மா நேராக மதிலோர அறைக்குப் போனாள். அறை காலியாக இருந்தது. மேலே சீட்டில் ஒரு முழம் நீளத்துக்கு விரிசல், அதற்கு நேர்கீழே ஒரு பக்கெட். சன்னல் சந்துகளில் பழைய ரெக்சின் துண்டுகளைத் திணித்து அடைத்திருந்தார்கள். மூலையில் பூச்சியைக் கூட்ட விளக்குமாறும், அதன்மேல் தூவ ஒரு டப்பா உப்பும்.

தொட்டில் அடுப்படியில் தொங்கியது. அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில், ஆட்டினால் இடிக்கும் என்று ஆட்டாமல். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. இடது கையில் தோள்வரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது.

"எத்தன நாளா இப்படி?"

"இப்பத்தானுங்கக்கா" என்றார் பின்னால் வந்து நின்ற பாய். அவர் மனைவி தரையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா பாய்?"

பாய் கழுத்து டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "எப்படிங்கக்கா சொல்றது? உறைக்கு அளவெடுத்தவனே நாந்தானுங்க."

அம்மா குழந்தையின் கையைத் தொடப் போய், எரியும் என்று நினைத்தாளோ என்னவோ, காலை மட்டும் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவள் விரலை உதைத்து விளையாடியது. போசியை அடுப்பு மேடையில் வைத்தாள். கீரை போட மறந்து வெறும் போசியையே கொண்டுவந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து, "காலைல வெட்டிப்போடு" என்றாள். "பாயையும் துணைக்குக் கூப்பிட்டுக்க."

காலையில் வெயில் அடித்தது. பாய் ஏணியும் கயிறும் கொண்டுவந்தார். கொப்புகள் எங்கள் பக்கமே விழும்படி கயிறு கட்டினோம். கொடுவாளை ஓங்குவதற்கு முன் அம்மா, "இருங்க" என்று சொல்லி ஸ்டூலில் ஏறினாள். சாணியை முழுசாகப் பெயர்த்தெடுத்து ஒரு தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். தட்டை என் கையில் கொடுத்திருந்தாள். எலாஸ்டிக்கை இரண்டு கையாலும் விரித்து உறையை மெதுவாக மேலே தூக்கினாள்.

ஒரு நாற்றம் இறங்கி வந்தது. உள்ளே காய்ந்த சாணி இல்லை. கறுத்துக் குழைந்த ஒரு சேறு, அதில் வெள்ளையாக நெளியும் புழு. மழை ஒரு சொட்டுக்கூடப் படவில்லை, தண்டிலிருந்து வந்த ஈரமே போக வழியில்லாமல் உள்ளேயே வேர்த்து வேர்த்து இறங்கியிருந்தது. விரல் தடம் இருந்த பக்கத்தில் ரெக்சினின் உள்துணி ஒட்டியிருந்தது. உரித்தபோது துணியின் நெசவு மட்டும் சின்னச் சின்னக் கட்டமாகப் பதிந்திருந்தது.

அம்மா அதையே பார்த்தாள். உறையைத் திருப்பி உள்பக்கத்தையும் பார்த்தாள், தடம் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்பதுபோல.

"ரெண்டு ஓட்ட உட்டுத் தெச்சிருக்கோணுங்கக்கா" என்றார் பாய். கயிற்றைப் பிடித்திருந்த அவர் கை இறங்கிவிட்டது. "எனக்குத் தோணாமப் போச்சுங்க."

"ஒரு சொட்டுப் படக்கூடாதுன்னு சொன்னது நானுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இறங்கி வந்து உறையைத் துவைக்கிற கல்லில் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, கொப்புகள் முழுக்க விழும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தண்டின் உள்ளும் அழுகியிருந்தது. கொடுவாள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால் முழு மரமும் அந்தச் சீட்டின்மேல்தான் விழுந்திருக்கும் என்று பாய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கறுப்பு போய் வெள்ளைக் கட்டை தெரியும்வரை சாண் சாணாக இறக்கினோம். கடைசியில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டைதான் மிஞ்சியது. அதிலிருந்து துளிர்க்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பூச்சிகளைச் சருகோடு கூட்டிச் சந்து முனையில் எரித்தோம். புகை போன பிறகு புடக்காளியில் வெயில் வந்து விழுந்தது. அங்கே அவ்வளவு வெயிலை நான் பார்த்ததில்லை. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

மதியத்துக்குமேல் பால் ஊற்றும் அக்கா வீட்டிலிருந்து சாணி வாங்கி வந்தேன். பாய் தன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அம்மா செம்மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். பிசைந்துகொண்டிருக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு கிரீச் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பப் பிசைந்தாள்.

"நான் அப்பட்டுங்களாம்மா?" என்றேன்.

"வேண்டாம்."

அவளே அப்பினாள். இந்தத் தடவை ஸ்டூல் தேவைப்படவில்லை. உருட்டி வைத்து, அமுக்கி, அப்பா செய்வதுபோலவே விரலால் சுற்றிலும் வழித்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. நான் கொட்டாங்குச்சியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கொஞ்சம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, புறங்கையால் அந்தச் சாணியை மறுபடியும் தடவ ஆரம்பித்தாள். மேலிருந்து கீழே, சுற்றிச் சுற்றி, மெதுவாக. அவள் விரல் தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"நல்லாத்தானுங்கம்மா இருந்துச்சு. எதுக்கு அழிக்கறீங்க?"

குனிந்து, கண்ணைக் கிட்டே வைத்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். எங்கேயோ ஒரு ரேகை தெரிந்திருக்க வேண்டும். அதையும் தடவிவிட்டாள்.

"நாளைக்கு உனக்கெதுக்குக் கண்ணு அந்தப் பாடு" என்று சொல்லிவிட்டு, கொட்டாங்குச்சிக்குக் கையை நீட்டினாள்.